ஒரு வேளைத் தாமதம்

கம்ப்யூட்டரில் செருகி நான் வாசிக்கும் கிட்டாரின் சத்தம் ஒரு வேளை கழித்துத்தான் வெளியே வரும். இட்லிக்கு உட்காரும் முன் வாசித்தது மதியச் சோற்றுக்கு வரும். மதியம் வாசித்தது ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரும். இது நேரத்தைப் பொறுத்ததில்லை, வேளையைப் பொறுத்தது. ஒரு நாள் மதியம் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன்; காலையில் வாசித்தது ராத்திரி இலையில் உட்காரும்வரை வரவே இல்லை. மற்ற வீடுகளில் இந்தத் தாமதம் கண்ணிமைக்கும் நேரம்தான் என்கிறார்கள். எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. கம்ப்யூட்டரும் பழசு.

என் பெயர் ஜெயசீலன். பாளையங்கோட்டையில் நீலவேணி மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்புகள்தான் எங்கள் பிழைப்பு. முன்பெல்லாம் வேனில் போய் இறங்கி மேடையில் உட்கார்ந்து வாசிப்போம். இப்போது அவரவர் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாக வாசிக்கிறோம். மண்டபத்தில் ஸ்பீக்கர்கள் மட்டும் இருக்கும். பந்தியில் இருக்கிறவர்களுக்கு யார் எங்கிருந்து வாசித்தால் என்ன? குழுவை நடத்தும் பொன்னையா அண்ணாச்சிக்கு வேன் டிரைவரோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம்.

ஆனால் என் கிட்டார் மட்டும் மறுநாள் காலையில்தான் மண்டபத்துக்குப் போய்ச் சேரும். தரை கழுவுகிற பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டே கழுவுவார்கள். ஒருமுறை அவர்களில் ஒருத்தி அண்ணாச்சிக்குப் போன் போட்டு, பாட்டு இல்லாமல் கிட்டார் மட்டும் வருவது வேலைக்கு வாட்டமாக இருக்கிறது, அடுத்த தடவை கொஞ்சம் விரட்டி வாசிக்கச் சொல்லுங்கள் என்றாள். அண்ணாச்சி அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏலே சீலா, பொண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்குப் போன பெறவு நீ யாருக்குல வாசிக்கே? அடுத்த முகூர்த்தத்துக்குள்ள இதச் சரி பண்ணு. இல்லன்னா உன் பங்கையும் கீபோர்டுல நானே போட்டுக்கிடுதேன்."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிட்டாரை எடுப்பேன், வைப்பேன், ஜன்னலைத் திறப்பேன். என் மனைவி பியூலாதான் கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஆளை வரச் சொன்னாள். பியூலாவுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. பதவி உயர்வுக்குப் பரீட்சை எழுதிவிட்டு ஆர்டருக்காகக் காத்திருந்தாள். எதிலும் சுறுக்கு. ஒரு கேள்வி கேட்டால் அந்த மூச்சு முடிவதற்குள் பதில் வந்தாக வேண்டும். என்னை அவளுக்குப் பிடிக்கும். என் வாசிப்பையும் பிடிக்கும். ஆனால் நான் வாசிப்பதை இப்போது பார்த்துவிட்டு, சாப்பிடும்போது ரசிப்பது அவளுக்குச் சிரமமாக இருந்தது.

கடையிலிருந்து வந்தவள் பெயர் நசீமா. தோளில் ஒரு பையும் கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியும் கொண்டுவந்தாள். முதலில் என் காதிலிருந்த புளூடூத் ஹெட்போனைக் கழற்றச் சொன்னாள்.

"காத்துல வாரதெல்லாம் ஆடி அசைஞ்சுதான் வரும் சார். வயர் உள்ளதை மாட்டுங்க."

மாட்டினேன். கழற்றிய ஹெட்போனைத் தூக்குவாளியின் மேல் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே ஏதோ சொட்டியது. பிறகு கிட்டாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சிறிய பெட்டியை இணைத்து, கம்ப்யூட்டர் தானாக வைத்திருந்த சவுண்டு டிரைவர் புரோகிராமை எடுத்துவிட்டு அந்தப் பெட்டிக்கு உரியதைப் போட்டாள். அதிலிருந்தும் கொஞ்சம் வடிந்தது. கடைசியாக பஃபர் என்ற செட்டிங்கைத் திறந்தாள்.

"இது ஷேர் ஆட்டோ மாதிரி. சத்தம் வர வர ஏத்தி வச்சுக்கிட்டே இருக்கும். சீட்டு நெறையாம வண்டியை எடுக்காது. கொஞ்சம் பேர் ஏறுனாலே எடுத்துருன்னு நாம சொல்லணும்."

"அப்ப ஒரே ஒரு ஆள் ஏறுனாலே எடுக்கச் சொல்லிருங்க" என்றேன்.

"அப்படி ஓட்டுனா வண்டி இருமும்."

நான் கேட்டால்தானே. சொன்னபடியே குறைத்துக் காட்டினாள். கிட்டார் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று பொரிந்தது. ஒரு படி ஏற்றினாள். பொரிவது நின்றது. நான் கம்பியைத் தொட்டேன். தொட்ட அதே இடத்தில் சத்தம் இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு என் விரலையும் அதன் சத்தத்தையும் ஒன்றாகப் பார்த்தேன்.

தூக்குவாளி கழுத்துவரை நிறைந்திருந்தது.

"இத எங்க வைக்க?" என்று கேட்டாள் நசீமா.

"கடைக்குக் கொண்டுபோயிருங்களேன்" என்றாள் பியூலா.

"வீட்டுல எடுத்தது வீட்டுலதான் மேடம் இருக்கணும். தாமதத்தை அழிக்க முடியாது, இடம் மாத்தத்தான் முடியும். கடையில ஏற்கெனவே கெடக்கு. ஷட்டரைக் காலைல தூக்குனா மத்தியானம்தான் ஏறுது."

ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைத்தோம். ஃப்ரிட்ஜில் நசீமா கொஞ்சம் விட்டாள். கதவை மூடிய பிறகு உள்ளே விளக்கு எரிந்தது, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அழைப்பு மணியில் கொஞ்சம் விட்டாள். வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன பிறகு மணி அடித்தது, அதில் லாபம்தான். மிச்சத்தைக் குக்கரிலும் குளியலறைக் குழாயிலும் கண்ணாடியிலும் ஊற்றினாள்.

அடுத்த வரவேற்பில் என் கிட்டார் முதல் பாட்டிலேயே தாளத்தோடு போய் இறங்கியது. அண்ணாச்சி போனில், "இப்பதாம்ல நீ குழுவுல இருக்கது தெரியுது" என்றார். மண்டபம் கழுவுகிற பெண்கள் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

பியூலாவுக்குத்தான் வீடு ஒத்துவரவில்லை. சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு குக்கர் விசிலடித்தது. சோப்புப் போடுமுன் திறந்த குழாயில் தலை துவட்டும்போது தண்ணீர் வந்தது. கண்ணாடிதான் மோசம். காலையில் பொட்டு வைக்க நின்றால் அதில் தூங்கி எழுந்த முகம் கலைந்த தலையோடு நின்றது. இரண்டு நாள் பொட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனாள். மூன்றாம் நாள் நசீமாவை மறுபடி கூப்பிட்டோம்.

நசீமா எல்லாவற்றையும் வடித்துத் தூக்குவாளிக்கே கொண்டுவந்தாள். "பிரிச்சு வச்சா வீடு முழுக்க இடறத்தான் செய்யும். ஒரே இடத்துல வச்சா தொந்தரவு ஒரே இடத்தோட போயிரும். ஆனா இவ்வளவையும் ஒரு சாமான் தாங்காது. மூச்சு விடுற ஒண்ணுதான் தாங்கும்."

வீட்டில் மூச்சு விடுவது நாங்கள் இரண்டு பேர்தான். பியூலா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஆபீஸ் உண்டு, கேள்வி கேட்கும் மேலதிகாரிகள் உண்டு. எனக்கு என்ன அவசரம்? கிட்டார்காரனிடம் யாரும் எதையும் உடனே கேட்பதில்லை. கையை நீட்டித் தூக்குவாளியை வாங்கினேன். இதைப் பியூலாவுக்காகத்தான் செய்தேன். அவள் காலையில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

"விரல்ல கிட்டார் கம்பியைச் சுத்திக்கிட்டுக் குடிங்க சார். கம்பியில இருக்கும்போது விரலுக்கு ஒண்ணும் ஆகாது. மத்தபடி உங்ககிட்டருந்து அடுத்தவங்களுக்குப் போக வேண்டியதெல்லாம் ஒரு வேளை கழிச்சுத்தான் போகும்."

குடித்தேன். ஆறின தண்ணீர் போல் இருந்தது, கொஞ்சம் துரு வாடை அடித்தது.

அவள் சொன்னபடியே ஆயிற்று. எனக்காக நான் செய்துகொள்வது எல்லாம் உடனுக்குடன் நடந்தது. குளித்தேன், நடந்தேன், சாப்பிட்டேன். இன்னொருவருக்குப் போய்ச் சேர வேண்டியதுதான் பின்தங்கியது. பேச்சு, சிரிப்பு, தலையாட்டல், பேனாவால் எழுதுவது எல்லாமே. காலையில் பால்காரர் சொன்ன வேடிக்கைக்கு மதியம் ரசம் ஊற்றும்போது சிரித்தேன்.

கிட்டார்காரர்களுக்கு இது புதிதில்லை. சத்தம் பின்தங்கி வந்தால் நாங்கள் தாளத்துக்கு முன்னாலேயே எடுத்துவிடுவோம். எடுத்துப் பழகிய கை. அதே வழக்கத்தைப் பேச்சுக்கும் வைத்துக்கொண்டேன். பியூலா காலையில் என்னென்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். ராத்திரி சாப்பிடும்போதே அதற்கெல்லாம் மனதுக்குள் பதில் சொல்லி வைத்துவிடுவேன். காலையில் முதல் விள்ளல் இட்லி உள்ளே போனதும் அவை வரிசையாக வெளியே வரும்.

"சட்னில உப்பு இருக்கா?"

"சரியா இருக்கு."

"சாவிய எங்க வச்சேன்?"

"ஆணியில தொங்குது."

"மழை வருமா?"

"குடையை எடுத்துக்க."

ஒன்றிரண்டு தப்பும். சாவி எங்கே என்றதற்கு உப்பு சரி என்று வரும். பியூலா பொறுத்துக்கொள்வாள். முன்பு ஒரு கேள்வியை மூன்று தடவை கேட்டு வாங்குவாள். இப்போது கேட்ட மூச்சிலேயே பதில் வந்தது. எங்களுக்குக் கல்யாணமான பிறகு இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் இருந்ததில்லை. அவள் கேட்கப்போவதை நினைத்துக்கொண்டே நான் சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்வதற்கென்ன.

அப்புறம் ஆர்டர் வந்தது. பதவி உயர்வு, விஜயவாடாவுக்கு மாற்றல், உடனே போய்ச் சேர வேண்டும். மறுநாள் மதியத்துக்கு முன்பே ரயில்.

அன்று ராத்திரி பியூலா ஒரு வாய் சாப்பிடுவாள், எழுந்துபோய்ப் பெட்டியில் ஒரு சேலையை வைப்பாள், அதை எடுத்து மறுபடி அலமாரியில் வைப்பாள். அவள் காலையில் என்ன கேட்பாள் என்று யோசித்தேன். எதையும் முடிவு செய்துவிட்டுத்தான் என்னிடம் கேட்பாள், கேட்காமல் செய்யவும் மாட்டாள். "நான் போகட்டுமா?" என்றுதான் கேட்பாள். என் கிட்டார் இப்போதுதான் தாளத்தில் விழுந்திருக்கிறது, குழுவை விட்டு வரச்சொல்ல அவளுக்கு மனசு வராது. நான் குறுக்கே நிற்கக் கூடாது. அவள் இல்லாத வீடு கண்முன் வந்தது. அதை ஒதுக்கிவிட்டு, அவள் கண்கலங்காமல் வண்டி ஏறும்படியான ஒரு பதிலை நல்ல தெளிவாகச் சொல்லி வைத்தேன்.

காலையில் இட்லி வைத்தாள். தானும் எதிரில் உட்கார்ந்தாள். உப்பையும் சாவியையும் கேட்கவில்லை.

"இங்க பாருங்க. நான் ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க என்கூட வந்துருங்க. கம்ப்யூட்டர்லதான வாசிக்கீங்க, அத எங்க இருந்து வாசிச்சா என்ன? உங்களுக்கு வர இஷ்டம் இல்லன்னா சொல்லுங்க, எனக்கு இந்தப் பதவியே வேண்டாம், எழுதிக் குடுத்துட்டு இங்கயே இருந்துக்கிடுதேன். வாரீங்களா, இல்ல நான் இருக்கட்டுமா?"

எனக்கு விள்ளல் தொண்டையில் இறங்கிவிட்டிருந்தது.

"தாராளமாப் போ, பியூலா" என்றது என் குரல். "நீ இல்லன்னா இங்க ஒண்ணும் கெட்டுப்போகாது. என்னை நெனச்சுக் கவலைப்படாத. நான் பாட்டுக்கு இருந்துக்கிடுவேன்."

நன்றாக, நிதானமாக, ஒரு சொல் பிசகாமல் வந்தது. பியூலா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே அலறிக்கொண்டிருந்தேன். வாரேன் பியூலா, நான் வாரேன், நீ எங்க போனாலும் வாரேன், துணி எடுத்து வைக்க எனக்கு ரெண்டு நிமிஷம் போதும். அது மதியத்துக்கு உரியது. வெளியே என் முகம் முந்தைய ராத்திரி போட்டு வைத்த புன்னகையோடு இருந்தது.

"அப்ப நேத்தே முடிவு பண்ணிட்டீங்க" என்றாள்.

எழுந்து கை கழுவினாள்.

"மத்தியானம் வேற ஒண்ணு வரும், அது எனக்குத் தெரியும். அது இப்ப என் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லுறது. நேத்து ராத்திரி யாரும் கேக்காம நீங்களாச் சொல்லிக்கிட்டது இருக்குல்லா, அதான் நெசம்."

நான் ஓடிப்போய்க் கிட்டாரை எடுத்தேன். விரல் கம்பியில் இருந்தால் தாமதமில்லை. எனக்குத் தெரிந்ததில் மிகவும் கெஞ்சுகிற ஒன்றை வாசித்தேன். ஸ்பீக்கரில் அது அந்தக் கணத்திலேயே, ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. பியூலா பெட்டியைப் பூட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நல்லா இருக்கு. ஆனா இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியலையே. எந்தக் கல்யாணத்துல வாசிச்சது?"

இன்னும் உருக்கமாக வாசித்தேன். அவள் பூட்டி முடித்தாள்.

மதியத்தைச் சீக்கிரம் கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை. சோறு சாப்பிட்டால் மதியம் வந்துவிடும். ஆனால் ஊருக்குப் போகிற வீடு என்று அவள் முந்தைய நாளே பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ஒரு பருக்கை பழைய சோறு இல்லை. அரிசியைக் களைந்து குக்கரில் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். தண்ணீர் சுடுவதற்குள் வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பியூலா வந்து அடுப்பை அணைத்தாள்.

ஸ்டேஷனில் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அது பதில் இல்லை, அது என் வேலை. அதனால் கை தடையில்லாமல் தூக்கியது. ரயில் சரியான நேரத்துக்கு வந்து நின்றது. அவள் ஏறியதும் பெட்டியை வாசல் வழியாகக் கொடுத்தேன். நானும் ஏறிவிடலாம் என்று படியில் காலை வைக்கப் போனேன். கால் எழவில்லை. ஏறுவது அவளுக்குச் சொல்லும் பதில் அல்லவா.

பிளாட்பாரத்துக் கடைக்கு ஓடினேன். இட்லியும் வடையும் இருந்தன. இட்லி எத்தனை தின்றாலும் அது காலைதான். சோறு பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வரும் என்று பலகை தொங்கியது. திரும்பி வந்தேன். பியூலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ராத்திரி கேஸை மூடிட்டுப் படுங்க" என்றாள்.

அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கத்துத் திண்டில் ஒரு குடும்பம் திருச்செந்தூர் வண்டிக்காக உட்கார்ந்திருந்தது. மஞ்சள் சேலை கட்டிய பெண் ஒருத்தி, மடியில் மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய பெண் குழந்தை. பக்கத்தில் அவள் கணவர் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். புளியோதரை. எனக்கு அதன் வாடை வந்தது. போய் அவர் முன்னால் நின்று இலையையே பார்த்தேன். வாய்விட்டுக் கேட்க எனக்கு வழியில்லை.

"சாப்பிடுதீங்களா தம்பி?" என்று அவர் ஒரு கவளத்தை இலைக்கிழிசலில் வைத்தார். சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்குக் கொடுக்காமல் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

அவர் அதை நீட்டும்போது ரயில் நகர்ந்துவிட்டது. வாங்குவதற்குள் பியூலாவின் ஜன்னல் தாண்டிவிட்டது. நான் கவளத்தை அப்படியே வாயில் திணித்தேன். மஞ்சள் சேலைக்காரி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன் வர முடியாது என்று சொல்லிவிட்டான். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் காது குத்துவது?

"இப்ப எம்பிள்ளைக்கு மாமனா யாரு வருவா?" என்று அவள் பிளாட்பாரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்குச் சோறு இறங்கியது.

"வாரேன்" என்றது என் குரல், ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி. "பியூலா, நான் வாரேன். நீ எங்க போனாலும் வாரேன். துணி எடுத்து வைக்க எனக்கு ரெண்டு நிமிஷம் போதும்."

கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. உட்கார்ந்து ஓவென்று அழுதேன், உள்ளுக்குள். கன்னம் காய்ந்தே இருந்தது.

"துணியெல்லாம் அங்க வாங்கிக்கலாம் அண்ணே" என்றாள் மஞ்சள் சேலைக்காரி. அவள் பெயர் மாரிசெல்வி.

"பேரும் வச்சாச்சு" என்றார் அவள் கணவர் சுடலைமுத்து. குழந்தைக்கு அதுவரை பெயர் வைத்திருக்கவில்லை; காது குத்தும்போது மாமன் வைப்பதற்காக விட்டு வைத்திருந்தார்கள். மாரிசெல்வி குழந்தையின் காதில் மூன்று முறை பியூலா, பியூலா, பியூலா என்று சொன்னாள். அது கொட்டாவி விட்டது.

திருச்செந்தூர் வண்டி வந்து நின்றது. பதில் வெளியே வந்துவிட்டதால் இப்போது என் கால் எழுந்தது. முன்னால் எந்தப் படி இருந்ததோ அதில் ஏறியது. குழந்தையை என்னிடம் கொடுத்தார்கள். அது என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வண்டி புறப்பட்ட பிறகும் மாரிசெல்விக்குப் பயம் போகவில்லை. சொந்த அண்ணனே கைவிட்டவள்.

"அண்ணே, நடுவுல எங்கயும் இறங்கிர மாட்டீங்களே?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் சோற்றைத் தின்றிருக்கிறேன். பிள்ளையை விட்டுட்டு எங்கயும் வர மாட்டேன், யாரு கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்று உள்ளே சொன்னேன். அடுத்த வேளைக்கு அது அவளுக்குப் போய்ச் சேரும். காது குத்து முடிந்ததும் விஜயவாடாவுக்கு எப்படிப் போவது என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்தேன், உட்கார்ந்தேன்.

திருச்செந்தூரில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு ஓலைப் பந்தல் போட்டிருந்தார்கள். சாயங்காலம்தான் நல்ல நேரம். காது குத்துகிற ஆசாரி ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமன் வெறும் வயிற்றோடு பிள்ளையை மடியில் வைக்கக் கூடாது என்று எனக்கு முதலில் இலை போட்டார்கள். குழந்தையை வலது தொடையில் உட்கார வைத்துக்கொண்டு முதல் கவளத்தை விழுங்கினேன்.

அழுகை வந்தது. பிளாட்பாரத்தில் அழுதது அவ்வளவும், ஒரு சொட்டுக் குறையாமல் வந்தது. தோள் குலுங்கியது. குழந்தை என் முகத்தையே ஆச்சரியமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஆசாரி அந்த நேரத்தில் அதன் வலது காதில் குத்தி முடித்துவிட்டார். அது முனகக்கூட இல்லை.

"மாமன் அழுதுட்டா பிள்ளைக்கு வலி தெரியாது" என்றார் சுடலைமுத்து.

"அண்ணனுக்குச் சோறு உள்ள போனாத்தான் எல்லாம் வெளிய வருது" என்றாள் மாரிசெல்வி.

அப்போது என் போன் அடித்தது. பியூலா. காதில் வைத்தேன். ரயில் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது. ஏற்கெனவே அழுது முடித்த குரல்.

"காலைல நான் அவசரப்பட்டுட்டேன். மத்தியானம் நீங்க என்ன சொன்னீங்களோ, நான்தான் அதக் கேக்காம வந்துட்டேன். இப்ப உங்க அழுகை எனக்குக் கேக்குது. அது போதும். இன்னொரு தடவை கேக்கேன், மனசுல உள்ளதச் சொல்லுங்க. நான் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நிக்கட்டுமா? நீங்க வாரீங்களா?"

அழுகை தீர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது வெளியே வந்தது.

"பிள்ளையை விட்டுட்டு எங்கயும் வர மாட்டேன்" என்றது என் குரல். "யாரு கூப்பிட்டாலும் வர மாட்டேன்."

போனில் அவள் ரயில் ஏதோ பாலத்தின் மேல் போனது. போய் முடிந்தது.

"எந்தப் பிள்ளை?" என்றாள் பியூலா.

நான் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன், பிறகு காதில் வைத்தேன். பந்தலில் யாரோ ஒரு கிழவர், "பியூலாவைத் தூக்கிக் காட்டுங்க, காதைப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரிங்க" என்றாள் பியூலா. போனை வைத்துவிட்டாள்.

என் கையில் எடுத்திருந்த அடுத்த கவளம் இலையில் விழுந்தது. எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது, அது இனி ஒட்டாது என்று தெரிந்தது. முகம் மட்டும் அழுது துடைத்த முகமாக, அமைதியாக இருந்திருக்க வேண்டும். ஆசாரி நகர்ந்து வந்து குழந்தையின் இடது காதைப் பிடித்தார். ஊசியைப் பார்த்ததும் அது வீறிட்டது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது.

"ஆட்டுனா குத்த முடியாது. மாமன் இன்னொரு தடவை அழட்டும்" என்றார் ஆசாரி.

"இப்ப ஒரு போன் வந்துச்சுல்லா" என்றாள் மாரிசெல்வி. "அதுக்கு உள்ளது அண்ணனுக்கு இருக்கு. மொத காதுக்கு வந்ததைவிட நெறையவே இருக்கும்னு நெனைக்கேன்."

"அப்ப அவர் சாப்பிடட்டும்."

"இதே இலையில சாப்பிட்டா இதே வேளைதான்" என்றார் சுடலைமுத்து. "புது இலை போடுங்கப்பா."

ஒருவர் என் முன்னாலிருந்த இலையை மடித்து எடுத்தார். இன்னொருவர் நுனி இலையாகப் பார்த்து விரித்தார். ஆசாரி ஊசியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு தயாராக இருந்தார். பந்தலில் இருந்தவர்கள் நன்றாகத் தெரியும்படி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். பியூலாவை இடது தொடைக்கு மாற்றி உட்கார வைத்துக்கொண்டு, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். சோறு வந்துகொண்டிருந்தது.